பௌத்த தியான முகாமில் பத்து நாள் ஒதுங்கியிருப்பதன் நோக்கம் என்ன?

கேள்வி: தஞ்சை_ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் என் மகள், திருமுடிவாக்கத்தில் உள்ள விபாசனா மையத்தில் பத்து நாள் முகாமுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். பத்தாம் நாள் காலைவரை பேசக் கூடாது, கைப்பேசி கிடையாது, புத்தகம் படிக்கக் கூடாது, நாட்குறிப்புகூட எழுதக் கூடாது, அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் தியானத்தில் இருக்க வேண்டும் என்றெல்லாம் விதிமுறைகளைப் படித்துக் காட்டினாள். தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு ஒழுங்கும் கட்டுப்பாடும் புதியவை அல்ல. ஆனாலும் இவ்வளவு கெடுபிடி எதற்காக என்பது விளங்கவில்லை.

நானும் பல ஆண்டுகளாகக் காலையில் அரை மணி நேரம் மூச்சைக் கவனித்தபடி உட்காருகிறவன்தான். அதனால் மனம் சற்று அடங்குகிறது. அதையே அவளும் வீட்டிலிருந்தபடி செய்யலாமே, விடுப்பெடுத்து ஊரைவிட்டு ஒதுங்கிச் செய்வதால் கூடுதலாக என்ன கிடைத்துவிடும் என்று கேட்டேன். அவளுக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பௌத்த மரபில் இதற்கு என்ன நோக்கம் சொல்லப்படுகிறது என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். எங்களுடையது நாள்தோறும் திருமுறை ஓதும் வீடு. முகாம் நாட்களில் ஜபம், பூசை எல்லாவற்றையும் நிறுத்தி வைக்க வேண்டும் என்ற விதி என் மனைவிக்கு நெருடலாக இருக்கிறது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: மகள் சில ஆண்டுகளுக்கு முன்பு மனச்சோர்வுக்காக மருத்துவம் பார்த்துக்கொண்டவள். இப்போது நன்றாக இருக்கிறாள். அவளைத் தடுக்கும் எண்ணம் எனக்கில்லை, முடிவு அவளுடையது. எதற்குப் போகிறாள் என்பதைப் பெற்றவனாகப் புரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மறுமொழி: கொங்கு_வாசகி

வணக்கம் ஐயா. அந்த மரபின் முகாம்களில் அமர்ந்தும் இருக்கிறேன், சமையற்கட்டில் சேவையும் செய்திருக்கிறேன். ஆகவே தெரிந்த வரையில் சொல்கிறேன்.

நோக்கம் வேறு, பயன் வேறு என்பதைப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். உங்கள் மகள் போகவிருக்கும் முகாமின் முறையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் எஸ்.என். கோயங்கா. 1924-இல் பர்மாவின் மாண்டலேயில் ஒரு மார்வாடி வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். இந்து மரபிலேயே ஊறி வளர்ந்தவர். கடுமையான ஒற்றைத் தலைவலிக்கு மார்ஃபின் ஊசி போட்டுக்கொள்ளும் நிலைக்கு வந்து, வெளிநாட்டு மருத்துவர்களிடமும் காட்டிப் பலனில்லாமல், 1955-இல் ரங்கூனில் ஊ பா கின் என்பவரிடம் சென்றார். ஊ பா கின் துறவி அல்லர். சுதந்திர பர்மாவின் தலைமைக் கணக்காயர். வந்தவர் தலைவலி தீர வேண்டும் என்று சொன்னதும், அதற்காக வருவதானால் சேர்த்துக்கொள்ள இயலாது என்று மறுத்துவிட்டார். மனத்தின் மாசுகளைக் களைவதற்கான பயிற்சியை உடல்நோய்க்கு மருந்தாக்குவது அதன் மதிப்பைக் குறைப்பதாகும், உயர்ந்த நோக்கத்தோடு வந்தால் தலைவலி போவது வழியில் கிடைக்கும் பயன் என்பது அவருடைய நிலைப்பாடு. கோயங்கா தம் உரைகளில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வார். 1969-இல் இந்தியா வந்து முகாம்களை நடத்தத் தொடங்கி, 1976 முதல் மகாராஷ்டிராவில் உள்ள இகத்புரி மையத்தை நடத்திய காலத்திலும், பின்னர் 2013-இல் மறையும் வரையிலும், அவர் இந்த வரிசையை மாற்றவில்லை.

அந்த உயர்ந்த நோக்கம் எது என்பதற்கு உங்களுக்குத் தமிழிலேயே ஆதாரம் உண்டு. துன்பம் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிறக்கும் சங்கிலியாக மணிமேகலை பன்னிரு சார்புகளை அடுக்கும்போது 'ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று' என்று வரும் அல்லவா? பொருள் புலனில் படுகிறது. இன்பமாகவோ துன்பமாகவோ நுகரப்படுகிறது. நுகர்ந்த உடனே இன்னும் வேண்டும் என்றோ, தொலைந்தால் போதும் என்றோ மனம் எழுகிறது. அது பற்றாக இறுகுகிறது. நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவே உள்ள கண்ணியில்தான் சங்கிலியை அறுக்க முடியும் என்பது இந்த மரபின் அடிப்படை. அந்த இடத்தை நூலில் படிப்பது எளிது. தன் உடம்பில் அது நிகழும் கணத்திலேயே பிடிப்பதற்குக் கூர்மையான, இடையறாத கவனம் வேண்டும். அந்தக் கவனம் அரை மணி நேரத்தில் வருவதில்லை. வீட்டில் உட்காரும்போது மனம் கொஞ்சம் படிகிறது, அதற்குள் பால்காரர் மணியடிக்கிறார், எழுந்துவிடுகிறோம்; மறுநாள் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறோம். நாள் முழுவதும் ஒரே வேலையாக இருக்கும்போது, நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடங்க முடிகிறது. முகாமில் முதல் மூன்று நாளும், மேலுதட்டுக்கு மேலே மூக்கின் அடியில் உள்ள சிறு இடத்தில் மூச்சு படுவதை மட்டுமே கவனிக்கச் சொல்கிறார்கள். மந்திரம் இல்லை, எண்ணுவது இல்லை, உருவம் இல்லை. நான்காம் நாள் பிற்பகலில்தான் அந்தக் கவனத்தை உச்சி முதல் உள்ளங்கால் வரை உடலுணர்ச்சிகளின்மேல் நகர்த்தக் கற்பிக்கிறார்கள். விபாசனா என்பது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அதன் பிறகு நாளுக்கு மூன்று முறை, ஒரு மணி நேரம் கையையோ காலையோ அசைக்காமல், கண்ணைத் திறக்காமல் அமரும் அமர்வுகள் உண்டு. நாற்பது நிமிடம் போனதும் முழங்காலில் வலி பிடிக்கும். முதலில் அது 'வலி' என்ற ஒரே கட்டியாகத் தெரியும். சொல்லிக் கொடுத்தபடி உற்றுப் பார்த்தால், ஓரிடத்தில் சூடு, ஓரிடத்தில் துடிப்பு, ஓரிடத்தில் வெறும் அழுத்தம் என்று பிரியும். ஒன்று தணியும்போது இன்னொன்று எழும். இதற்கிடையில் மனம் வேறொரு வேலை பார்த்துக்கொண்டிருக்கும். அமர்வு முடிவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பு கோயங்காவின் பாலி ஓதல் ஒலிபெருக்கியில் தொடங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் குரல் எப்போது வரும், இன்றைக்கு நேரம் தவறிவிட்டதோ, ஒலிப்பெட்டி பழுதாகிவிட்டதோ என்று மனம் தவிக்கத் தொடங்கிவிடும். குரல் கேட்டதும் வேடிக்கையைப் பாருங்கள்: முழங்காலில் இருப்பது அதே வலிதான், ஆனால் பொறுக்க முடியாதது பொறுக்கக் கூடியதாகிவிடும். அப்படியானால் இதுவரை நம்மை வதைத்தது முழங்காலா, காத்திருப்பா? இதை எனக்கு யாராவது சொற்பொழிவில் சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பேன்.

கெடுபிடிகள் எல்லாம் இந்த ஒரு வேலைக்கான ஏற்பாடுகளே. பேச்சிருந்தால் ஒப்பீடு வரும். உனக்கு ஒளி தெரிந்ததா, எனக்குத் தெரியவில்லையே என்று ஏக்கம் வரும். நாட்குறிப்பு எழுதினால், நடப்பதைப் பார்ப்பதற்குப் பதிலாக அதை எப்படி வருணிப்பது என்ற யோசனை வந்துவிடும். ஆசிரியரிடம் ஐயம் கேட்கவும் நிர்வாகியிடம் தேவைகளைச் சொல்லவும் தடையில்லை. உணவு, தங்குமிடம் எதற்கும் கட்டணம் கிடையாது. ஒரு முகாமையாவது முடித்தவர்களிடமிருந்து மட்டுமே நன்கொடை பெறுகிறார்கள் என்பதால், முன்பின் தெரியாத யாரோ கொடுத்ததைத்தான் அந்த நாட்களில் உண்கிறோம். இதுவும் பயிற்சியின் ஒரு பகுதி என்றே நினைக்கிறேன்.

அம்மாவின் நெருடல் பற்றி: முகாமின் தொடக்கத்தில் புத்தம், தம்மம், சங்கம் ஆகிய மூன்றிடம் சரண் சொல்லி ஐந்து ஒழுக்கங்களை ஏற்கச் சொல்வார்கள். அவை எல்லோருக்கும் பொதுவான பண்புகளைக் குறிப்பவை என்று கோயங்கா விளக்குவார். ஆயினும் வாயால் சொல்வது பௌத்தச் சொற்களைத்தான் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. மற்ற வழிபாடுகளை நிறுத்தி வைக்கச் சொல்வதற்குக் காரணம், இரண்டு முறைகளைக் கலந்தால் எதனால் என்ன விளைந்தது என்று தெரியாது என்பது. பதினோராம் நாள் காலையில் வீடு திரும்பியதும் திருமுறை ஓதுவதை யாரும் தடுக்கப் போவதில்லை.

பயன் என்று கேட்டால், கோபம் எழுவதைச் சற்று முன்னதாகவே உடம்பில் உணர முடிகிறது என்பதைத்தான் நான் உறுதியாகச் சொல்வேன். மார்பு இறுகுவது தெரிந்த பிறகு அதே சுடுசொல்லைச் சொல்வது கொஞ்சம் கடினமாகிறது. காலையும் மாலையும் உட்காருவதை விட்டுவிட்டால் இதுவும் சில மாதங்களில் மங்கிவிடும்.

மறுமொழி: மலையகத்தான்

கண்டிக்கு அருகே வசிக்கும் தமிழன் நான். சுற்றிலும் பௌத்தர்கள் வாழும் ஊர் என்பதால் இந்த 'ஒதுங்கியிருத்தல்' எங்களுக்குக் கண்ணால் கண்ட பழக்கம். சகோதரி சொன்னவை ஒரு மரபின் இக்கால வடிவத்துக்குப் பொருந்தும். வேர் இன்னும் பழையது என்பதால் அதைப் பற்றிச் சில வரிகள்.

முதலில் ஏற்பட்டது மழைக்கால ஒதுக்கம். புத்தரின் சீடர்கள் ஆண்டு முழுவதும் ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தார்கள். மழையிலும் இவர்கள் நடந்து இளம்பயிரையும் சிற்றுயிர்களையும் மிதிக்கிறார்களே, மற்றச் சமயத் துறவிகள்கூட மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்குகிறார்களே என்று மக்கள் குறை கூறியதால், மூன்று மாதம் ஓரிடத்தில் தங்கும் விதி ஏற்பட்டது என்று துறவியரின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய நூல் கூறுகிறது. ஆகவே தியானத்துக்காகத் தீட்டிய திட்டமாக அது தொடங்கவில்லை. ஊராரின் புகாருக்குக் கிடைத்த பதிலாகத் தொடங்கியது. இன்றும் இலங்கையில் எசல போயா என்னும் பௌர்ணமியை அடுத்து பிக்குகள் 'வஸ்' என்ற இந்த மழைக்கால ஒதுக்கத்தை ஏற்கிறார்கள். மரப்பொந்திலோ திறந்த வெளியிலோ தங்கி வஸ் இருக்கக் கூடாது, முறையான உறைவிடம் வேண்டும். தாய் தந்தையரின் நோய் போன்ற காரணம் இருந்தால் ஏழு நாளுக்குள் திரும்பும்படி வெளியே போகலாம். மூன்று மாதமும் அவர்களுக்கு உணவும் மருந்தும் கொடுத்துப் பேணுவது ஊராரின் பொறுப்பு. முடிவில் கட்டினச் சீவரம் எனப்படும் துறவாடையை ஊர்வலமாக எடுத்துச் சென்று அளிப்பார்கள். ஒதுங்கியிருப்பவர் ஒருவர் என்றால், அவருக்குப் பின்னால் பானை வைத்துச் சோறாக்கும் வீடுகள் பல இருக்கும். வாரயிறுதிப் பொதியாக இதை விற்கும் விடுதிகளின் விளம்பரங்களைப் பார்க்கும்போது, இந்தப் பாதி எங்கே போயிற்று என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மௌனம் குறித்து விநயத்திலேயே ஒரு சுவையான செய்தி உண்டு. கோசல நாட்டில் சில பிக்குகள், சண்டை சச்சரவு இல்லாமல் மழைக்காலத்தைக் கழிக்க வேண்டும் என்று முடிவெடுத்து, மூன்று மாதமும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்று தங்களுக்குள் உடன்பாடு செய்துகொண்டார்கள். முதலில் திரும்பி வருபவர் இருக்கைகளை விரிப்பார். நீர்க்குடம் காலியாக இருப்பதைக் காண்பவர் நிரப்புவார். தனியாகத் தூக்க முடியாவிட்டால் இன்னொருவரைக் கைச்சாடையால் அழைப்பார். காலம் முடிந்து புத்தரிடம் வந்து, இனிதே தங்கினோம் என்று பெருமையோடு சொன்னார்கள். அவரோ, ஆடுமாடுகளைப் போலக் கூடியிருந்துவிட்டு இனிதே இருந்ததாகச் சொல்கிறார்களே என்று கடிந்துகொண்டார். ஊமை விரதத்தை மேற்கொள்ளக் கூடாது என்று விலக்கிவிட்டு, 'பவாரணை' என்ற சடங்கை ஏற்படுத்தினார். மழைக்காலத்தின் இறுதியில் ஒவ்வொரு பிக்குவும், மூத்தவர் உட்பட, என்னிடம் நீங்கள் கண்டதோ கேட்டதோ ஐயுற்றதோ ஆகிய குறை இருந்தால் இரக்கத்தோடு எடுத்துச் சொல்லுங்கள் என்று மற்றவர்களிடம் கேட்க வேண்டும். இதே நூல் தொகுதியில், அனுருத்தர் என்ற சீடரும் அவருடைய இரு தோழர்களும் இதே கைச்சாடை முறையில் அமைதியாக வாழ்ந்ததைப் புத்தர் பாராட்டும் இடமும் இருக்கிறது. ஆனால் அவர்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை இரவு முழுதும் அமர்ந்து தம்மம் பேசினார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால், பேசாதிருப்பதற்குத் தனியாக ஒரு புனிதமும் கொடுக்கப்படவில்லை என்பது தெரியும். ஒதுக்கத்தின் முடிவில் அடுத்தவர் நம் குறையைச் சொல்லும்போது கேட்டுக்கொள்ள முடிகிறதா என்பதே தேர்வு.

ஆசிரியர் ஐயாவின் முதன்மையான கேள்விக்கு, புத்தரின் உரைகளில் ஒன்றான இச்சானங்கலச் சூத்திரம் ஒரு கோணத்தைத் தருகிறது. புத்தர் தாமே ஒருமுறை மூன்று மாதம் தனித்திருந்தார். உணவு கொண்டுவருபவரைத் தவிர யாரும் அணுகக் கூடாது என்று சொல்லிவிட்டார். வெளியே வந்ததும், சிரமண கோதமர் மழைக்காலத்தை எவ்வாறு கழித்தார் என்று பிறர் கேட்டால், மூச்சின் மீதான கவனத்தில் கழித்தார் என்று சொல்லுங்கள் என்றார். பயின்றுகொண்டிருப்பவருக்கு அது மாசுகளை அழிக்க உதவும். முடித்தவருக்கு இப்பிறப்பிலேயே இனிதாக உறையவும் விழிப்போடிருக்கவும் உதவும் என்று அங்கேயே காரணமும் சொல்லப்படுகிறது. அடைய வேண்டியது ஏதுமில்லாதவரே ஒதுங்கியிருந்தார் என்பதால், இதை நோய்க்கு எடுக்கும் மருந்து என்று மட்டும் கருத முடியாது என்பது என் எண்ணம். நீங்கள் காலையில் செய்வதும் அதே மூச்சுப் பயிற்சிதான் ஐயா. அளவில்தான் வேறுபாடு.

இல்லறத்தாருக்கு நீண்ட முகாம்கள் பெருகியது சென்ற நூற்றாண்டில்தான். பர்மாவின் மகாசி சயாதோ என்ற பிக்குவின் தியான முறை 1950-களில் இலங்கைக்கு வந்து, கந்துபொட போன்ற இடங்களில் மையங்கள் ஏற்பட்டன. அங்கே ஒரு மணி நேரம் அமர்வு, ஒரு மணி நேரம் மெதுநடை என்று மாறி மாறி வரும். கால் எழுகிறது, நகர்கிறது, பதிகிறது என்று குறித்துக்கொண்டே நடப்பார்கள். அதற்கு முன்பும் பின்பும், எங்கள் ஊர்ப் பாட்டிமார் போயா தினத்தில் வெள்ளை உடுத்தி, விகாரையில் எண்வகைச் சீலம் ஏற்று, நண்பகலுக்குப் பின் உண்ணாமல் மாலைவரை இருந்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். அதுவும் ஓர் ஒதுக்கமே. யாரும் அதைப் படம் எடுத்துப் போடுவதில்லை, அவ்வளவுதான்.

மறுமொழி: மனநல_ஆலோசகர்_மதுரை

மேலே உள்ள இரண்டு மறுமொழிகளும் நன்றாக உள்ளன. ஆனால் மகளின் மனச்சோர்வு பற்றி ஐயா எழுதியதை இருவருமே தாண்டிப் போய்விட்டதால் இதை எழுதுகிறேன்.

மலையக நண்பர் காட்டிய அதே சூத்திரத் தொகுதியில், சற்று முன்னால் இன்னொரு நிகழ்ச்சி இருக்கிறது. வைசாலியில் புத்தர் உடலின் அருவருப்பைச் சிந்திக்கும் பயிற்சியைப் புகழ்ந்து பேசிவிட்டு, இரண்டு வாரம் தனிமையில் இருக்கப் போனார். அந்தக் காலத்தில் பிக்குகள் அப்பயிற்சியில் தீவிரமாக இறங்கி, உடலின்மேல் வெறுப்பு முற்றிப் பலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். திரும்பி வந்த புத்தர், சங்கம் ஏன் இப்படி மெலிந்துவிட்டது என்று ஆனந்தரிடம் கேட்டறிந்து, எஞ்சியவர்களைக் கூட்டி, அமைதியும் இனிமையும் தரும் மூச்சுப் பயிற்சியைக் கற்பித்தார். மரபே தன் நூலில் இதை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது என்பதை நான் மதிக்கிறேன். தீவிரமான பயிற்சி சிலருக்குத் தீங்காகலாம் என்பதும், வழிகாட்டுபவர் அருகில் இல்லாதபோது அது கைமீறும் என்பதும் இக்கால உளவியலாரின் கண்டுபிடிப்பு அல்ல.

இக்கால ஆய்வும் அதே திசையில்தான் பேசுகிறது. 2017-இல் பிளாஸ் ஒன் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, மேலை நாடுகளில் பௌத்த தியானம் செய்பவர்களையும் ஆசிரியர்களையும் விரிவாகப் பேட்டி கண்டு, தியானத்தோடு தொடர்புடைய கடினமான அனுபவங்களை 59 வகைகளாகப் பிரித்தது. தூக்கம் கெடுதல், காரணமில்லாத அச்சம், பழைய துயர நினைவுகள் பீறிடுதல், தான் என்ற உணர்வே குலைதல் ஆகியவை அவற்றுள் அடங்கும். பேட்டி காணப்பட்டவர்கள் சிரமம் நேர்ந்தவர்கள் என்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஆகவே எத்தனை பேருக்கு இப்படி நேரும் என்பதற்கு இது விடை தராது. நேரக்கூடியவை எவை என்பதற்கு மட்டும் விடை தரும்.

பயன் பக்கத்திலும் நல்ல ஆய்வு ஒன்று உண்டு. 2007-இல் அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதியில், ஆலன் வாலஸ் என்ற ஆசிரியரின் கீழ் மூன்று மாத முகாமொன்றைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் உடனிருந்து அளந்தார்கள். அறுபது பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை முதலில் முகாமுக்கு அனுப்பிவிட்டு, மறுபாதியைக் காத்திருக்க வைத்தார்கள். காத்திருந்தவர்களையும் அதே இடத்துக்கு வரவழைத்துச் சோதித்ததால், மலைக்காற்றும் மாற்றுச் சூழலும் செய்த வேலை இது என்று தள்ளிவிட முடியாது. திரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும் கோடுகளில் சற்றே குட்டையானது வரும்போது மட்டும் பொத்தானை அழுத்த வேண்டும். கேட்கவே அலுப்பூட்டும் இந்த வேலையில், முகாமில் இருந்தவர்களின் பிரித்தறியும் திறனும் நீடித்த கவனமும் மேம்பட்டிருந்தன. ஏழாண்டு கழித்துப் பார்த்தபோது, பயிற்சியைத் தொடர்ந்தவர்களிடம் அந்த ஆதாயம் ஓரளவு தங்கியிருந்தது. ஆனால் அவர்கள் அனைவரும் ஏற்கெனவே தியானப் பழக்கம் உள்ளவர்கள், தாமாகச் செலவு செய்து வந்தவர்கள். முதன்முறையாகப் போகும் ஒருவருக்குப் பத்து நாளில் இவ்வளவு கிடைக்கும் என்று இதை வைத்து வாக்குறுதி தர முடியாது. முகாமிலிருந்து திரும்பிய முதல் வாரத்து மலர்ச்சியைப் பயன் என்று கணக்கிடுவதையும் நான் ஏற்பதில்லை. கைப்பேசி இல்லாமல், நேரத்துக்கு உண்டு உறங்கினாலே முகம் தெளிந்துவிடும்.

உங்கள் மகள் விஷயத்தில் செய்ய வேண்டியவை தெளிவானவை. விண்ணப்பப் படிவத்தில் மனநல மருத்துவம் பற்றிய கேள்வி இருக்கும். அதை மறைக்காமல், எப்போது, என்ன மருந்து என்று எழுதச் சொல்லுங்கள். தீவிர மனநோய் உள்ளவர்களுக்கு இந்த முகாம் ஏற்றதல்ல என்று அவர்களே அறிவித்திருக்கிறார்கள். மனச்சோர்வு வந்து குணமானவர் எல்லோரும் விலக்கப்படுவதில்லை. எனினும் தூக்கக் குறைவும் தனிமையும் மீண்டும் சோர்வைத் தூண்டக்கூடும் என்பதால், அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவரிடம் இந்தக் கால அட்டவணையைக் காட்டிக் கருத்துக் கேட்பது அவசியம். இருமுனைக் கோளாறு (சோர்வும் மிகையான எழுச்சியும் மாறி மாறி வருவது) என்று எப்போதாவது ஐயப்பட்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். உறக்கம் குறைவது அவர்களைச் சட்டென்று மறுமுனைக்குத் தள்ளிவிடும். மருந்து இப்போதும் தொடர்ந்தால், முகாமை முன்னிட்டு ஒரு வேளையைக்கூட நிறுத்தக் கூடாது. பாதியில் முடியவில்லை என்றால் உதவி ஆசிரியரிடம் உடனே சொல்ல வேண்டும் என்றும், எழுந்து வீட்டுக்கு வந்தால் யாரும் குறைவாக நினைக்க மாட்டோம் என்றும் நீங்களே அவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். உறுதி என்ற பெயரில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களிடம்தான் சிக்கல் முற்றுவதைப் பார்த்திருக்கிறேன்.

மறுமொழி: பழனிமலைச்சாரல்

பத்து நாள் முதல் அடிக்கே பெரிதாகத் தோன்றினால் மாற்று வழியும் உண்டு என்பதற்காக ஒரு தகவல். கொடைக்கானலுக்குப் போகும் வழியில் பெருமாள்மலையில் போதி ஜெண்டோ என்ற ஜென் மையம் 1996 முதல் இயங்குகிறது. அதை நிறுவிய அமா சாமி இயேசு சபைக் குருவானவர். ஜப்பானில் யமாதா கோவுன் என்ற ஆசிரியரிடம் பயின்று ஜென் கற்பிக்கும் தகுதி பெற்றவர். கத்தோலிக்கக் குருவாக இருந்துகொண்டே அவரால் அது முடிந்தது என்பது, திருமுறை ஓதும் அம்மாவுக்கு ஒருவேளை ஆறுதலாக இருக்கலாம். அங்கே ஏறத்தாழ அரை மணிக்கும் குறைவான அமர்வுகளும் இடையிடையே நடையும் இருக்கும். பெருக்குவது, தோட்டவேலை போன்றவற்றையும் பயிற்சியாகவே செய்யச் சொல்வார்கள். செஷின் எனப்படும் தீவிர நாட்கள் தனி. மற்ற நாட்களில் ஓட்டம் நிதானமானது. உடலை அசைக்காமல் அமரும் உறுதியைவிடக் கையில் துடைப்பத்தோடு இருக்கும்போது வரும் கவனம் எனக்கு உகந்தது. இது அவரவர் இயல்பு.

கேட்டவரின் பதில்: தஞ்சை_ஆசிரியர்

எல்லோருக்கும் என் நன்றி. மதுரை அன்பர் சொன்னபடி மகளிடம் பேசினேன். படிவத்தில் மருத்துவம் பற்றி எழுதியிருக்கிறாளாம். மருத்துவரிடம் கேட்கவில்லை, இந்த வாரம் கேட்டுவிட்டு, அவர் சொல்வதைப் பொறுத்துப் பத்து நாள் முகாமா பெருமாள்மலையா என்று முடிவு செய்வதாகச் சொல்லிவிட்டாள். 'ஊறே நுகர்வே வேட்கை பற்றே' என்ற அடியை எத்தனையோ ஆண்டு வகுப்பில் நடத்தியிருக்கிறேன்; தேர்வுக்கு வரும் அடி என்று மாணவர்களைக் கோடிடச் சொல்லியிருக்கிறேன். அதை முழங்காலில் வைத்துப் பார்க்கலாம் என்பது புதிய செய்தி. கோசலத்துப் பிக்குகளின் கதையை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். பேசாமலிருந்துவிட்டுப் பெருமையடித்துக்கொண்டவர்களைத் திட்டிய புத்தரை அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. உங்களுக்கும் யாராவது பவாரணை நடத்த வேண்டும் என்றாள்.

இப்போது எனக்கே ஒரு முறை போய்ப் பார்க்கலாமா என்று தோன்றுகிறது. வயது அறுபதைத் தாண்டிவிட்டது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். தரையில் சம்மணமிட்டு அமர முடியாதவர்களைச் சேர்த்துக்கொள்வார்களா?

மறுமொழி: கொங்கு_வாசகி

சேர்த்துக்கொள்வார்கள் ஐயா. நாற்காலி கொடுப்பார்கள், பெரும்பாலும் கூடத்தின் பின்வரிசையிலோ சுவரோரத்திலோ போட்டிருப்பார்கள். படிவத்தில் உடல்நிலைப் பகுதியில் மூட்டுத் தேய்மானத்தையும், நீங்கள் எடுத்துக்கொள்ளும் மாத்திரைகளையும் எழுதிவிடுங்கள். பதிவு செய்யும் அன்று நிர்வாகியிடமும் ஒருமுறை நேரில் சொல்லுங்கள். புதியவர்களுக்கு மாலை ஐந்து மணிக்குத் தேநீரும் பழம் அல்லது பொரியும் கிடைக்கும். அதன் பிறகு இரவுணவு இல்லை. சர்க்கரை நோய் போன்றவை இருந்தால் அதையும் முன்பே தெரிவியுங்கள், அதற்கேற்ப ஏற்பாடு செய்வார்கள். மாலை உரைகளைத் தமிழ்ப் பதிவிலும் கேட்கலாம் என்பதால் மொழிச் சிக்கல் இருக்காது. எதற்கும் விண்ணப்பத்தில் தமிழ் என்று குறிப்பிட்டுவிடுங்கள். மகள் போகும் அதே முகாமுக்கு விண்ணப்பிக்க வேண்டாம் என்பது என் யோசனை. ஆண்கள், பெண்கள் பகுதிகள் தனித்தனி என்றாலும், அவள் சாப்பிட்டாளா, தூங்கினாளா என்ற எண்ணத்திலேயே உங்கள் பத்து நாளும் போய்விடும்.